‘சமீபத்துல என்ன படிச்சீங்க?’ - ஒரு கேள்விக்கு இவ்வளவு சக்தியா!

புத்தகக் காட்சியில் பை நிறைய வாங்கி வந்தாயிற்று. பாதி நேராக அலமாரிக்குப் போய்விட்டது. மீதியில் ஒன்றிரண்டைப் படித்தும் முடித்தாயிற்று. அப்புறம்?

பெரும்பாலான வீடுகளில் விஷயம் அத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரு சினிமா பார்த்தால் இடைவேளையிலேயே அலச ஆரம்பித்துவிடுகிறோம். கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு நாள் பேசுகிறோம். ஆனால், பத்து நாள் கூடவே வைத்துப் படித்த புத்தகத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. யாராவது கேட்டாலும், ‘நல்லா இருந்தது’, ‘சுமார்தான்’ என்று ஒற்றை வரியில் பதில் முடிந்துவிடும்.

‘சாதாரண வாசகர் கருத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?’ என்ற தயக்கமும் இதற்கு ஒரு காரணம். நிறைய ஆகியிருக்கிறது! ஒரு வாசகரின் கேள்வி, மறைந்துகிடந்த இலக்கியங்களை மீட்டுத் தந்திருக்கிறது. வாசகர்கள் கிளப்பிய எதிர்ப்பு, ஒரு சிறுகதையை நாவலாக வளர்த்திருக்கிறது. வீட்டில் நேருக்கு நேர் பேச முடியாத விஷயத்தைக்கூட ஒரு நாவலைச் சாக்காக வைத்துப் பேசிவிட முடிகிறது.

கும்பகோணத்தில் ஒரு வியாழக்கிழமை

1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த 25 வயது உ.வே.சாமிநாதையர், ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். அறிமுகம் முடிந்ததும் முதலியார், ‘யாரிடம் படித்தீர்கள், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள்?’ என்று விசாரிக்கிறார்.

உ.வே.சா. படித்ததோ மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று பெரிய பட்டியலையே அடுக்கினார். கேட்பவர் அசந்துபோவார் என்று எதிர்பார்த்தார். முதலியார் அசரவில்லை. இவ்வளவும் படித்து என்ன பயன் என்பதுபோல் கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா, மணிமேகலை தெரியுமா என்று அடுத்த கேள்விக்குப் போனார். அந்த நூல்களை உ.வே.சா. அதுவரை படித்ததில்லை.

முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். புரியவில்லை. சமண சமயச் செய்திகள் அடிக்கடி தடுக்கின. அதே கும்பகோணத்தில், அவர் வசித்த இடத்துக்கு அருகிலேயே, சமணக் குடும்பத்தார் அந்த நூலைப் பரம்பரையாகப் படித்துப் பொருள் சொல்லிவருவது தெரிந்தது. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டார். புலவர்கள் வட்டத்தில் மறந்துபோன ஒரு காப்பியம், ஒரு வாசகர் கூட்டத்தின் வீட்டுத் திண்ணைப் பேச்சில் உயிரோடு இருந்தது!

பிறகு நடந்தது தமிழ்நாடே அறிந்த வரலாறு. 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறியது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று வரிசையாக வந்தன. இந்தச் சந்திப்பை உ.வே.சா. தன் சுயசரிதையான ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-ல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றுபோன நூல் அது.

இதில் கவனிக்க வேண்டியவர் முதலியார். அவர் பேராசிரியர் அல்ல. நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். படிப்பில் ஆசை கொண்ட ஒரு வாசகர், அவ்வளவுதான். ஆனால், ‘அப்படியா, ரொம்ப சந்தோஷம்’ என்று சொல்லி அனுப்பிவிடாமல், மனதில் பட்டதை மரியாதையோடு, ஒளிக்காமல் சொன்னார். தன் கையிலிருந்த பிரதியையும் கொடுத்தார். நல்ல வாசகப் பேச்சுக்கு வேண்டியவை இந்த இரண்டும்தான்: ஒளிக்காத கருத்து, கைமாறும் புத்தகம்.

‘அந்தத் தாய் செய்தது சரியா?’

1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வெளியானது. மழை கொட்டும் மாலைப்பொழுது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் கல்லூரி மாணவி. காரில் வரும் ஒருவன், வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொள்கிறான். நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. அழுதபடி வீடு திரும்பும் மகளிடம் விஷயத்தைக் கேட்டதும் தாய் முதலில் துடித்துப்போகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, ‘உன் மேல் எந்தக் களங்கமும் இல்லை’ என்று தேற்றி, விஷயம் வெளியே போகாமல் காத்துவிடுகிறாள்.

அறுபதுகளின் வாசகர்களால் இதை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கண்டனங்கள் குவிந்தன. ‘ஒரு தாய் இப்படிச் செய்வாளா?’ என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். ‘ஒரு தாய் வேறு எப்படிச் செய்ய வேண்டும்?’ என்று திருப்பிக் கேட்டவர்கள் இன்னொரு பக்கம்.

ஜெயகாந்தன் அந்த விவாதத்துக்கு இன்னொரு கதையாலேயே பதில் சொன்னார். அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல், ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்திருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும்? தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் தொடராக வந்த அந்தக் கதைதான், நூலானபோது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆனது. இதில் தாய் கனகம் கூச்சல் போட்டுவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். கங்கா படித்து, வேலைக்குப் போய், சொந்தக் காலில் நின்ற பிறகும் அந்த ஒரு மாலைப்பொழுது அவளை விடவில்லை.

நாவலுக்குள் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகையில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதை கங்காவின் கைக்குக் கிடைக்கிறது. தன் கதையே வேறு முடிவோடு அச்சாகியிருப்பதைக் கண்டு அவள் திகைக்கிறாள். அதைப் படிக்கும் கனகம், தான் அந்தத் தாயைப் போல நடந்துகொள்ளவில்லையே என்று கலங்குகிறாள். வாசகர்கள் வெளியே நடத்திய சண்டையை ஜெயகாந்தன் நாவலுக்குள்ளேயே கொண்டுவந்து, பாத்திரங்களையும் வாசகர்களாக்கிவிட்டார்.

1972-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது. பீம்சிங் இயக்கத்தில் படமானபோது, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. கதையைப் படித்தவர்கள் ‘நல்லா இருந்தது’ என்று மூடிவைத்திருந்தால் இந்த நாவல் இதே உருவில் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஒரே நாவல், ஒரே வீடு, மூன்று தீர்ப்பு

சமீப வருடங்களின் தமிழ் நாவல்களில், படித்தவர்களை இரண்டு கட்சியாக்கிப் பேசவைக்கிற ஒன்று, இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது.

கதையின் கரு, தெருவுக்குத் தெரு கேட்கிற கதைதான். தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி, இன்ஜினீயரிங் படித்தவள். ஆட்டோ ஓட்டும் ரவியை மணந்தே தீருவேன் என்று நிற்கிறாள். வீடு எதிர்க்கிறது, கடைசியில் அவள் நினைத்ததே நடக்கிறது. சில வருடங்கள் கழித்து, உடல் கருகிய நிலையில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டிலும் வராந்தாவிலுமே நடக்கிறது. எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று பணத்தோடு நிற்கிறது குடும்பம். அந்தப் பணத்தால் ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நெருப்பு எப்படிப் பற்றியது என்பதற்குக் கதைக்குள் ஆளுக்கொரு பேச்சு. நாவலாசிரியர் தீர்ப்பை வாசகர் கையில் விட்டுவிடுகிறார்.

இந்த நாவலை ஒரே வீட்டில் மூன்று பேர் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பா, நடேசனின் பக்கம் நிற்கக்கூடும். ‘படிக்கவைத்தவன், தடுத்துப் பார்த்தவன், அவன் மீது என்ன தப்பு?’ என்பார். கல்லூரியில் படிக்கும் மகள் வேறொரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுவாள். ‘கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டில் அவளோட முகம்கொடுத்துப் பேசியிருந்தால், கஷ்டம் வந்தப்போ அவள் இங்கே வந்திருப்பாளே?’ என்று கேட்பாள். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, ரேவதியின் தாய் அமராவதியைப் பற்றிப் பேசுவாள். புருஷனுக்கும் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் அவஸ்தை அவளுக்குத்தான் முதலில் தெரியும். ‘ரவியை ஏன் யாருமே பேசவிடலை?’ என்று நாலாவது குரல் எங்கிருந்தாவது வரும்.

யார் சொல்வது சரி என்பது அப்புறம். மகள் யாரையாவது விரும்பினால் என்ன செய்வோம், ஒரு தவறான முடிவு எடுத்த பிள்ளைக்கு வீட்டுக் கதவு திறந்திருக்குமா என்பதையெல்லாம் எந்த வீட்டிலும் சும்மா உட்கார்ந்து பேச முடியாது. யாராவது ஆரம்பித்தாலே, ‘எதுக்கு இப்போ இந்தப் பேச்சு?’ என்ற சந்தேகம் வந்துவிடும். நாவலை முன்னால் வைத்தால் பேச முடிகிறது. பேசுவது ரேவதியைப் பற்றி, தெரிந்துகொள்வது ஒருவரையொருவர். பிள்ளைகள் பெற்றோரின் பயத்தையும், பெற்றோர் பிள்ளைகளின் எதிர்பார்ப்பையும் சண்டையில்லாமல் கேட்டுக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

‘கதையே இல்லையே!’

எல்லா நாவலும் இப்படி ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடாது. சோ.தர்மனின் ‘சூல்’ 2019-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. கோவில்பட்டி வட்டாரத்திலுள்ள உருளைக்குடி கிராமத்தின் கண்மாயைச் சுற்றிச் சுழலும் நாவல். அது சோ.தர்மனின் சொந்த ஊரும்கூட. நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆட்கள் வருவார்கள், போவார்கள். விறுவிறுப்பான தொடர்கதை படித்துப் பழகியவர்கள், ‘இதில் ஹீரோ யார், கதை எங்கே?’ என்று பாதியில் நிறுத்திவிடுவதுண்டு.

இங்கேதான் இன்னொரு வாசகரின் ஒரு வார்த்தை உதவுகிறது. ‘ஆளைத் தேடாதீங்க, கண்மாயைப் பாருங்க’ என்று ஒருவர் சொன்னால் போதும். நீர்ப் பங்கீடு, மடை திறப்பு, கரையைக் காப்பது என்று ஊரே கூடிப் பாதுகாத்த ஒரு நீர்நிலை, யாருக்கும் சொந்தமில்லாததாகிக் கைவிடப்படும்போது என்ன ஆகிறது என்பதுதான் கதை. கிராமத்தில் வளர்ந்த தாத்தா இதே நாவலைப் படித்தால், பேரனுக்குத் தெரியாத பத்துச் சொற்களுக்கு அவர் உரையாசிரியர் ஆகிவிடுவார். அகராதியில் தேடிப் படிப்பதைவிட அது சுவையானது.

‘பிடிக்கவில்லை’ என்பதும் ஒரு கருத்துதான். ஆனால், எந்தப் பக்கத்தில் அலுத்தது, எதை எதிர்பார்த்தோம், அது ஏன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்பவருக்கு உதவும். வேகம் குறைவு என்று ஒருவர் ஒதுக்கியதே இன்னொருவருக்கு அந்தப் புத்தகத்தை வாங்கத் தூண்டும் காரணமாகலாம்.

நாவலில் தொடங்கி கல்வெட்டு வரை

‘ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?’ மூன்று தலைமுறையாகத் தமிழ் வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்து முடிந்தபோது, பல விஷயங்களுக்கு விடை சொல்லாமல் திடீரென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். கல்கி அவர்களுக்குப் பதிலாகவே ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. 2022, 2023-ல் படம் இரண்டு பாகங்களாக வந்தபோது, அதே கேள்வி பேரப்பிள்ளைகள் வாயில் மறுபடி வந்தது.

இந்த விவாதத்தில் ஒரு அழகான விளைவு உண்டு. கொலைகாரன் யார் என்று நாவலில் விடை கிடைக்காத வாசகர், மெல்ல வரலாற்று நூலுக்கு நகர்கிறார். காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடி கோயில் கல்வெட்டில், ராஜராஜன் காலத்தில் எழுதப்பட்ட ஆணை இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலானோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்த செய்தி அதில் வருகிறது. இந்தக் கொலையில் உத்தம சோழருக்குப் பங்கு உண்டு என்று சந்தேகித்தார் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி. அதை மறுத்தார் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ எழுதிய தி.வை.சதாசிவ பண்டாரத்தார். ஒரே கல்வெட்டை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பெரிய அறிஞர்கள் எதிரெதிராக முடிவு சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும்போது, கதை படித்தவருக்கு வரலாறு படிக்கும் ருசி வந்துவிடுகிறது.

ஆனால், கதையிடம் கேட்கிற கேள்வியையே வரலாற்று நூலிடமும் கேட்கக் கூடாது. நாவலைப் படித்ததும் ‘இந்த மனுஷன் இப்படிச் செய்வான் என்று நம்ப முடிகிறதா?’ என்று கேட்கலாம். கட்டுரை நூலிடம் கேட்க வேண்டியது, ‘இது இவருக்கு எப்படித் தெரிந்தது?’ என்பது.

2024-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலை அப்படிப் படித்துப் பார்க்கலாம். வ.உ.சி. கப்பல் ஓட்டினார், சிறையில் செக்கிழுத்தார் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், 1908 மார்ச் 12-ல் அவர் கைதான மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்ததும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்ததும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு தலைவரின் கதையாக மட்டும் நாம் அறிந்திருந்ததை, ஒரு ஊரே சேர்ந்து எழுந்த கதையாக ஆவணங்களின் துணையோடு காட்டுகிறது அந்த நூல். ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தை மனதில் வைத்திருக்கும் மூத்தவரும், பாடப்புத்தகத்தில் இரண்டு வரி படித்த பேத்தியும் இந்த நூலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், இருவருக்குமே புதிதாகத் தெரிந்துகொள்ள விஷயம் இருக்கும்.

கருத்து எங்கே முடிகிறது?

வாசகர் கருத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வெளியானது. குழந்தையில்லாத காளி - பொன்னா தம்பதியின் கதை. நாவல், விடை சொல்லாத ஒரு புள்ளியில் முடிகிறது. ‘அப்புறம் காளி என்ன ஆனான்?’ என்பது படித்து முடித்ததும் எவருக்கும் எழும் கேள்வி. அதற்கு ஒன்றல்ல, இரண்டு பதில்கள் சொன்னார் ஆசிரியர். காளி இறந்துபோனால் என்ன ஆகும் என்பது ‘ஆலவாயன்’; உயிரோடு இருந்தால் என்ன ஆகும் என்பது ‘அர்த்தநாரி’. வாசகரின் கேள்விக்கு நாவலால் பதில் சொல்லும் இன்னொரு விளையாட்டு இது.

ஆனால், 2014 டிசம்பரில் அதே ‘மாதொருபாகன்’ பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. திருச்செங்கோட்டு மக்களையும் வழிபாட்டையும் இழிவுபடுத்துவதாகச் சொல்லிப் போராட்டம், கடையடைப்பு. 2015 ஜனவரியில், தனக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்து ஒதுங்கினார் பெருமாள்முருகன். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால் படிக்காமல் விட்டுவிடலாம். அதற்காக எழுதியவரை எழுதவிடாமல் செய்ய முடியாது என்பது அதன் சாரம். அவர் மறுபடி எழுத வந்தார்.

நாவலை வரிவரியாகப் படித்துவிட்டு, ‘எங்கள் ஊரைப் பற்றி இப்படி எழுதியது எனக்கு வலிக்கிறது’ என்று சொன்னால், அது வாசகர் கருத்து. அதற்கு மதிப்பு உண்டு. அதைச் சொல்ல இடமும் வேண்டும். படிக்காமலேயே, யாரோ கோடிட்டுக் கொடுத்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ‘இது இருக்கக் கூடாது’ என்று சொன்னால் அது வேறு. ‘அக்கினிப் பிரவேச’த்துக்கு வந்த கண்டனம் ஒரு நாவலைப் பிறக்கவைத்தது. இந்த எதிர்ப்பு ஒரு எழுத்தாளரை ஒன்றரை வருடம் ஊமையாக்கியது.

பேச உட்காரும் முன்...

தமிழ்நாட்டில் புத்தகத்துக்காகக் கூடி உட்காரும் பழக்கம் புதிதல்ல. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’யில் கம்பனை ரசித்துப் பேசினார்கள். வக்கீலும் அதிகாரியும் வியாபாரியும் சமமாக உட்கார்ந்து கேட்டார்கள். சென்னையில் 1970-ல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு, பத்திரிகைகளில் வந்த கதைகளைப் படித்து மாதந்தோறும் சிறந்த சிறுகதையைத் தேர்ந்தெடுத்தது. இன்றும் ஊர்ப்புறக் கிளை நூலகங்கள் வரை பல இடங்களில் வாசகர் வட்டம் உண்டு. அருகில் இல்லையென்றால், வீட்டு ஹாலும் நாலு டம்ளர் காபியும் போதும்.

அப்படிப் பேசும்போது உதவக்கூடிய சில விஷயங்கள்:

* கதையைச் சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்பதைப் பின்னட்டையே சொல்லிவிடும். உங்களுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தீர்கள், எந்த இடத்தில் கோபம் வந்தது?

* ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். ‘நடை பிரமாதம்’ என்பதைவிட, பிடித்த ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டினால், கேட்பவர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.

* பாத்திரத்தின் மீது கோபமா, எழுதியவர் மீது கோபமா? இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கெட்டவனைப் பற்றி எழுதியவர் கெட்டவர் ஆகிவிடமாட்டார்.

* கட்டுரை நூலென்றால் சான்றைப் பாருங்கள். தேதி, ஆவணம், நேரில் பார்த்தவர் சொன்னது என்று எதை வைத்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள். பிடித்த தலைவரைப் பற்றிய நூலென்றால் இன்னும் கூடுதலாகக் கவனியுங்கள்.

* பாதியில் நிறுத்தியதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். எந்தப் பக்கத்தில், ஏன் நிறுத்தினீர்கள் என்பதும் நல்ல கருத்துதான். முழுக்கப் படித்ததாகக் காட்டிக்கொண்டு பேசினால், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

* பரிசு வாங்கிய புத்தகம் என்பதால் தலையாட்ட வேண்டாம். பரிசு கொடுத்தவர்களும் வாசகர்களே. அவர்களுக்குப் பிடித்தது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பட்டியலில் இல்லாத பழைய புத்தகம் உங்களுக்குப் பொக்கிஷமாக இருக்கலாம்.

* வயதில் சின்னவரை முதலில் பேசவிடுங்கள். பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டால், பிள்ளைகள் ‘ஆமாம்’ என்று எழுந்து போய்விடுவார்கள். அவர்களுக்குத் தோன்றியது என்ன என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

* பேசி முடித்ததும் புத்தகத்தைக் கைமாற்றுங்கள். முதல் பக்கத்தில் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்தால், திரும்பி வரவும் வாய்ப்புண்டு!

இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி. ரிமோட்டை எடுக்கும் முன், வீட்டில் யாரிடமாவது ‘சமீபத்துல என்ன படிச்சீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நல்லா இருந்தது’ என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். ‘எந்த இடம்?’ என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். அதற்கு வரும் பதிலில், அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டுமல்ல, ஒரே வீட்டில் இருந்தும் நீங்கள் கேட்டிராத ஒரு விஷயமும் இருக்கலாம்.